மழை வந்ததும் கூடிய நடுக்கம்: யாங்கோனில் ஒரு நிகழ்வு ஆய்வு

"பூகம்ப பயம்" என்றுதான் என் நோட்டில் முதல் வரி எழுதியிருந்தேன். நாலாவது வாரம் அந்த வரியை அடித்தேன். ஏன் அடித்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

யாங்கோனில் ஒரு கோயிலின் பின்கட்டில், பாத்திரங்கள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில், வாரம் இரண்டு நாள் உட்காருகிறேன். டாக்டர் இல்லை, மனநல ஆலோசனைக்குப் பயிற்சி பெற்ற ஊழியர். வருகிறவர்கள் பர்மிய வழக்கப்படி 'சயாமா' என்பார்கள், நம் வயதானவர்கள் 'டீச்சரம்மா'. இங்கே சொல்லப்படும் அம்மாவுக்கு வயது 46. பசுண்டாங் பக்கம் காலையில் தள்ளுவண்டியில் தோசை போட்டவர். எழுதச் சம்மதம் தந்தார். அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதியதை வாசிக்கக் கேட்டு ஓரிடத்தில் திருத்தமும் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

வந்தபோது

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மகளாக வளர்த்த கொழுந்தன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு என்று மாண்டலேக்குப் போயிருந்தார். பகல் 12:50-க்கு 'சகாயின்' என்ற நிலப்பிளவு நகர்ந்து 7.7 அளவில் பூகம்பம். பன்னிரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று, 6.7. நாட்டில் 3,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவர் இருந்த வீடு விழவில்லை, எதிர்வீட்டின் மேல்மாடி விழுந்தது. ஒன்பது இரவு அரண்மனை அகழியோரம் பாய் விரித்துப் படுத்தார்கள். சித்திரை வெயிலுக்கு முந்திய அந்தச் சூட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு பஸ் ஏறி வீடு வந்தார்.

ஜூன் இரண்டாம் வாரம் கொழுந்தன் அழைத்து வந்தார். "அண்ணிக்குத் தூக்கமே இல்லை சயாமா. மின்விசிறியப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்காங்க. ஆடுது, ஆடுதுன்னு சொல்றாங்க." இரவில் இரண்டு மணி நேரத் தூக்கம், அதுவும் வாசல் கதவைத் திறந்து வைத்து நிலைப்படியில் தலை வைத்து. நெஞ்சடைப்பு. கரண்டி விழுந்தால்கூட உடம்பு தூக்கிப்போடும். வண்டியை மூடி இரண்டரை மாதம் ஆகியிருந்தது. அரைத்த மாவு புளித்து வீணாகிறது என்று அரைப்பதையே நிறுத்திவிட்டார்.

மருந்து? தெருமுனைக் கடையில் யாரோ சொல்லி டயாசிபாம் 5 மில்லிகிராம் மாத்திரை, இரவுக்கு இரண்டு. பத்து வாரமாக. கழுத்தில் மந்திரித்துக் கட்டிய தாயத்து. அதைக் கழற்றச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மாத்திரைதான் எனக்குக் கவலை தந்தது.

பி.சி.எல்.-5 என்ற இருபது கேள்விப் பட்டியலைத் தமிழில் சொல்லிச் சொல்லிக் கேட்டேன். 80-க்கு 56 வந்தது. 31 முதல் 33-க்கு மேல் போனால் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிப்பது வழக்கம். எண்ணை நோய்ப்பெயராக நான் எடுப்பதில்லை. அதே ஆளை மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளால் அளந்து பார்க்க அது உதவும், அவ்வளவுதான்.

நான் செய்த தவறு

முதல் நாளே மூச்சுப் பயிற்சி கொடுத்தேன். எல்லாரும் கொடுப்பதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து அமர்வுத் திட்டத்திலும் மெதுவான மூச்சு முதல் பாடமாக வரும். பயிற்சியில் குறை இல்லை, நான் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் குறை. "கண்ண மூடிக்கிங்க, நல்லா மூச்ச இழுங்க, நாலு எண்ணும் வரைக்கும் புடிச்சு வச்சுக்கிங்க" என்றேன். மூன்றாவது முறை மூச்சைப் பிடித்தபோது அவர் எழுந்து கதவை நோக்கி ஓடினார். முழங்கையால் குத்துவிளக்கைத் தள்ளிவிட்டு, வாசலில் குனிந்து, வாயைத் திறந்து திறந்து காற்றை விழுங்கினார். கூட வந்த கொழுந்தன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அன்று அதைப் 'பதற்றத் தாக்கு' என்று எழுதிக்கொண்டேன். பூகம்பத்துக்கும் மூச்சை அடக்குவதற்கும் என்ன உறவு என்று கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். வீடு இடியும் பயத்தில் இருப்பவர் கதவைத் தேடுவார், கூரையைப் பார்ப்பார். காற்றை விழுங்குகிறவர் வேறொன்றிலிருந்து வெளியே வருகிறவர்.

முதலில் உடம்பு

இரண்டாவது வாரம் பேச்சை ஒதுக்கிவைத்து, தெரிந்த மருத்துவரிடம் அனுப்பினேன். இரத்த அழுத்தம் 160/100. ஹீமோகுளோபின் 9.1. மாதவிடாய் தாறுமாறாகி அதிகம் போய்க்கொண்டிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. இரத்தம் குறைந்தவருக்குப் படபடப்பு வரும், எழுந்தால் தலை சுற்றும். டயாசிபாமும் தள்ளாட வைக்கும். பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பூமி அசையாமலே அசைவதாகத் தோன்றுவதும் உண்டு. ஜப்பானியர்கள் இதை 'ஜிஷின் யோய்', நிலநடுக்கப் போதை, என்பார்கள். ஆக, "ஆடுது" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று காரணம் இருந்தன. பயம் என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தால் மூன்றும் தப்பியிருக்கும்.

இரும்புச்சத்து மாத்திரை, அழுத்தத்துக்கு மாத்திரை, கர்ப்பப்பை ஸ்கேன். டயாசிபாமை மருத்துவர் எட்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பத்து வாரம் தின்றதை ஒரே இரவில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் இந்த வகை மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது. தெருமுனைக் கடைக்கு அது எட்டவில்லை. எட்டினாலும் என்ன, தூக்கம் இல்லாத மனுஷிக்கு மாத்திரை கொடுத்தவர் பகையால் கொடுக்கவில்லையே.

இன்னொன்று, லபெயே, பர்மியப் பால் தேநீர். பால் தூக்கலாக, சாயம் கடுப்பாக, நாளுக்கு ஆறு கப். இடையிடையே பாக்கு. பாக்கும் உடம்பை விழிக்க வைக்கும் பொருள்தான். மதியத்துக்கு மேல் இரண்டும் வேண்டாம் என்றேன். "அதையும் புடுங்கிட்டீங்களா" என்று சிரித்தார். என் அறையில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

முழுமைச் சிகிச்சை என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். மூலிகை எண்ணெய், கிண்ண ஓசை, யோகா, தியானம், மலர் மருந்து எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு விற்பதும் அந்தப் பெயரில்தான் நடக்கிறது. எனக்கு முழுமை என்பது வரிசை. எது முதலில், எது பிறகு, எது இப்போது வேண்டாம் என்று தெரிந்திருப்பது. இந்த அம்மாவுக்கு முதல் வரிசையில் நின்றது இரும்புச்சத்து.

கூரைத் தகரம்

ஜூன் கடைசி. மாத்திரை குறைகிறது, இரத்தம் ஏறுகிறது, ஆனால் இரவு இன்னும் மோசம். கொழுந்தனுக்குக் குழப்பம்: "மாண்டலேல இருந்து வந்த புதுசுல இவ்வளவு இல்ல சயாமா. இந்த ஒரு மாசமாத்தான் ரொம்ப."

ஒரு மாதத்துக்கு முன் என்ன நடந்தது? பின்னதிர்வு இல்லை. மழைக்காலம் தொடங்கியது.

நாலாவது அமர்வில் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. பின்கட்டுக் கூரை தகரம். முதல் துளிகள் விழுந்ததும் அவர் பேச்சு நின்றது. இடது கை இடுப்பில் எதையோ இறுக்கிக்கொண்டது. வலது கை பக்கவாட்டில் நீண்டு விரல்கள் மூடிப் பிடித்தன. ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒரு பிள்ளையைக் கையிலும் வைத்திருக்கும் தாயின் நிலை. வாயால் சொல்லாததைக் கை சொன்னது.

"அம்மா, நர்கிஸ் புயல்ல எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

ஐராவதிக் கழிமுகத்தில், பியாபோன் பக்கத்துக் கிராமத்தில் இருந்திருக்கிறார். 2008 மே 2 இரவு. புயலோடு கடலும் ஆறுகளில் ஏறி வந்தது. பன்னிரண்டு அடித் தண்ணீர் என்பார்கள். அரசுக் கணக்கில் இறந்தவர் 84,537, காணாமற்போனவர் 53,836. அந்தக் 'காணாமற்போனவர்' கணக்கில் இரண்டு பேர் இவர் வீட்டில். மாமியார், ஆறு வயது மூத்த மகன். இடுப்பில் இருந்த மூன்று வயது இளையவன் பிழைத்தான்.

அந்த இளையவனுக்கு இப்போது இருபது. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயது ஆண்கள் உள்ள எந்த வீட்டிலும் தூக்கம் இல்லை. கடன் வாங்கி அவனை மலேசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக, பிடித்து வைத்திருந்த பிள்ளையும் கையில் இல்லாத வருஷத்தில்தான் பூமி ஆடியிருக்கிறது. பதினேழு வருஷம் தோசை சுட்டுக் குடும்பம் நடத்திய பெண்ணை மாண்டலே மட்டும் சாய்க்கவில்லை.

வீட்டுக்குப் போய் முதல் வரியை அடித்தேன்.

திறந்த கண்ணோடு மூச்சு

மூச்சை அடக்கியதும் ஏன் ஓடினார் என்பது இப்போது விளங்கியது. இருட்டு, அடக்கிய மூச்சு: நான் அவரைத் தண்ணீருக்கு அடியில் தள்ளியிருக்கிறேன்.

முறையை மாற்றினேன். கண் திறந்திருக்க வேண்டும். நாற்காலி கதவைப் பார்த்து. பாதம் சிமெண்டுத் தரையில், செருப்பில்லாமல். மூச்சை நிறுத்தவே வேண்டாம், வெளியே விடுவதை மட்டும் நீட்டினால் போதும். அடுப்பை ஊதுகிற மாதிரி, உதட்டைக் குவித்து. இது அவருக்கு வெகு பழக்கம். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தானாகத் தணியும். அதற்குக் கண்ணை மூட வேண்டியதும் இல்லை, எதையும் எண்ண வேண்டியதும் இல்லை.

கையில் பிடிக்கவும் ஒன்று வேண்டியிருந்தது. பர்மியர் அரைத்து முகத்தில் பூசும் 'தனக்கா' மரக்கட்டையும் அரைக்கும் கல்லும் கொண்டுவரச் சொன்னேன். பதற்றம் ஏறும்போது நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு அரைப்பார், கன்னத்தில் பூசுவார். சொரசொரப்பு, குளிர்ச்சி, வாசனை: மூன்றும் 'இப்போது, இங்கே' என்று உடம்புக்குச் சொல்லும். இதே வேலைக்குப் பனிக்கட்டியைப் பிடி, ஐந்து பொருளை எண்ணு என்றெல்லாம் கையேடுகளில் போட்டிருப்பார்கள். மின்சாரம் நாளுக்குச் சில மணி நேரமே வரும் ஊரில் பனிக்கட்டிக்கு எங்கே போவது?

யோகா பற்றிக் கோயிலுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். 2014-இல் அமெரிக்காவில் 64 பெண்களிடம் செய்த ஓர் ஆய்வு இருக்கிறது. பத்து வாரம், வாரம் ஒரு மணி நேரம். யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேர் கோளாற்றின் எல்லையிலிருந்து வெளியே வந்தார்கள், மற்றக் குழுவில் 21 சதவீதம். அங்கே கற்றுக்கொடுத்த விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஆசனத்தைத் திருத்தத் தொடமாட்டார்கள், 'செய்' என்று கட்டளை இடமாட்டார்கள், வேண்டாம் என்றால் நிறுத்தலாம். நான் முதல் நாள் செய்தது இதற்கு நேர் எதிர்.

பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி, தங்கமான மனுஷி, பத்து நாள் விபாசனா தியானத்துக்குத் தன் செலவில் கூட்டிப்போவதாகச் சொன்னார். இந்த மண்ணின் மருந்து அது, மறுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மாண்டலேயில் 1924-இல் பிறந்த கோயன்கா, தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955-இல் யாங்கோனில் தியான ஆசான் ஊ பா கின்னிடம் போய் உட்கார்ந்ததில்தான் அது இந்தியா வரைக்கும் போனது. ஆனாலும் "இப்ப வேணாம்மா" என்றேன். பத்து நாள் பேசாமல், கண் மூடி, உடம்பின் ஒவ்வொரு உணர்வையும் கவனிப்பது காயம் ஆறியவருக்கு நல்லது. காயம் திறந்திருப்பவருக்குப் புயல் இரவைப் பத்து நாளைக்கு நீட்டியது போலாகும். அந்த மையங்களே விண்ணப்பத்தில் மனநிலை பற்றிக் கேட்பது சும்மா இல்லை. பக்கத்து வீட்டம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக இரவு ஒன்பது வரை வந்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். அது வேலை செய்தது.

சொல்லிச் சொல்லி

உடம்பை அமர்த்துவதோடு நின்றுவிட்டால் நினைவு அப்படியே கிடக்கும். பெரியவர்களுக்கு இந்தக் கோளாறு இருந்தால் அதிர்ச்சியை நேரடியாகத் தொடும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அல்லது கண்ணசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர். என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல். இ.எம்.டி.ஆர். எனக்குத் தெரியாது, தெரியாததைத் தொடவில்லை. தாய்லாந்து எல்லையில் மே சோட்டில் பர்மிய அகதிகள் 347 பேரிடம் சோதித்து 2014-இல் வெளியான முறை ஒன்று உண்டு. டாக்டர் அல்லாத ஊழியர்களே நடத்தியது, மனச்சோர்வும் அதிர்ச்சி அறிகுறிகளும் நன்றாகக் குறைந்தன. பொறுக்கி எடுத்துக் கோக்கும் முறை அது: நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லவைப்பது, தவிர்க்கிற இடத்துக்குப் படிப்படியாகப் போவது, குற்றம் சாட்டும் எண்ணத்தைப் புரட்டிப் பார்ப்பது. அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்து முதல் ஒன்பது வரையான அமர்வுகளில் அந்த இரவைச் சொன்னார். முதல் தடவை மூன்றே வாக்கியம். அடுத்த தடவை காற்று வந்த திசை, மாமியார் மூட்டை கட்டியது. ஏழாவது அமர்வில்தான் கை. "நான் விட்டுட்டேன். சின்னவன இறக்கி விட்டிருந்தா ரெண்டு கையாலயும் பெரியவனப் புடிச்சிருப்பேன்." பதினேழு வருஷமாக ஒரு கணக்கு. இதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு வாளித் தண்ணீரை முற்றத்தில் வைத்துத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். "இந்த மாதிரி எத்தன வாளி அன்னைக்கு?" நெடுநேரம் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வேறெதுவும் பேசவில்லை.

இதற்கிடையில் படிகள். முதலில் போனில் பதிந்த மழைச் சத்தம், தனக்காக் கல் கையில், ஐந்து நிமிடம். பிறகு தூறலில் தகரக் கூரைக்குக் கீழ். பிறகு பான்சோடான் துறைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று தாலா போகும் ஃபெரியைப் பார்ப்பது. பிறகு துறையின் வாசல். மூன்றாவது படியில் ஒருமுறை பின்வாங்கினோம், பலத்த காற்று அடித்த நாள் அது. காலையில் ஒரு படி அரிசி மட்டும் அரைத்து வண்டியைத் திறக்கவும் சொன்னேன், லாபத்துக்காக அல்ல. நாலரை மணிக்கு எழ ஒரு காரணம் வேண்டும். பர்மிய வாடிக்கையாளர் இரண்டு பேர் முதல் நாளே வந்து "தோஷே" என்று கேட்டார்களாம். எங்கே போயிருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் அவருக்குப் பிடித்தது.

ஆடி அமாவாசை

இந்தப் பகுதி என் திட்டத்தில் இல்லை. எட்டாவது அமர்வின் முடிவில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்: "உடம்பு கெடைக்காதவங்களுக்குத் திதி உண்டா?"

எனக்குத் தெரியாது, பூசாரி ஐயாவைக் கேளுங்கள் என்றேன். அவர் மாமியாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கலாம், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லை, அது சாமிப் பிள்ளை என்றார். "தேவையில்லன்னா செய்யக் கூடாதா சாமி?" என்று கேட்டிருக்கிறார். பூசாரி யோசித்து, "பாலும் பொரியும் விடு தாயி" என்றாராம். நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்காத நயம் அது.

2025 ஜூலை 24, வியாழன். கொழுந்தன் தாய்க்குத் தர்ப்பணம் செய்தார். இவர் இலையில் பொரி, பலாச்சுளை, ஒரு சின்ன பம்பரம் வைத்துக் கணுக்கால் தண்ணீரில் இறங்கினார். நான் பத்தடி பின்னால் நின்றேன். மூச்சுச் சொல்லித்தர அல்ல, வரச் சொன்னார், வந்தேன். இலை நகர்ந்ததும் வலது கை மெல்ல விரிந்தது. சத்தமாக அழுதார். கூட வந்த பெண்கள் ஒப்பாரியை எடுத்துக்கொடுத்தார்கள், பதினேழு வருஷம் தாமதமாக.

என் படிக்கட்டின் கடைசிப் படியும் ஆற்றங்கரைதான். ஆனால் அவர் அந்தப் படியை ஏறவில்லை, காரியத்துக்குப் போனார். சடங்கை ஒரு சிகிச்சை நுட்பமாக அடுத்தவருக்கு எழுதிக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அவர் கேட்டதால் நடந்தது. நான் சொல்லி நடந்திருந்தால் வேறாகியிருக்கும்.

பிறகு

செப்டம்பரில் பதினொன்றாவது அமர்வு. பி.சி.எல்.-5 எண் 56-இலிருந்து 29. தூக்கம் ஐந்து மணி நேரம், கட்டிலில். டயாசிபாம் இல்லை. ஹீமோகுளோபின் 11.4. மின்விசிறியை இன்னும் பார்க்கிறார், ஆனால் ஒரு தடவை. டிசம்பரில் பார்த்தபோது அந்த எண் 24. காற்றோடு மழை வந்தால் கதவோரம்தான் படுக்கை, அதை மாற்ற நான் முயலவில்லை. மலேசியாவிலிருந்து பையனின் போன் வராத நாளில் எல்லாம் கொஞ்சம் பின்னுக்குப் போகும். அது கோளாறு இல்லை, அது தாய்.

இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டியபோது, 'கை நழுவியது' என்று நான் எழுதியிருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "நழுவிச்சுன்னு போடாதீங்க சயாமா. தண்ணி புடுங்கிச்சுன்னு போடுங்க." அந்த வரியையே எடுத்துவிட்டேன், அவர் சொன்னதை இங்கே போட்டிருக்கிறேன்.

இந்தக் கேஸில் நான் தொடாத பக்கம் ஒன்று இருக்கிறது. அவர் கணவர். அதே இரவு, அதே பிள்ளை, அவருக்குத் தாயும்கூட. ஆற்றங்கரைக்கு வரவில்லை. மாலையானால் குடி. "அவளுக்குத்தான் வியாதி, எனக்கென்ன" என்று ஒரு தடவை சொல்லி அனுப்பினார். மனைவியை அழைத்து வரும் நாளில் எதிரே உள்ள சாயாக் கடையில் உட்கார்ந்து கோயில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிசம்பரில் நான் அந்தக் கடைக்குப் போய் அவர் மேசையில் ஒரு லபெயே குடித்தேன். பூகம்பத்தைப் பற்றியும் நர்கிஸைப் பற்றியும் பேசவில்லை. நெல் விலையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.